எழுபது வளைவும் ஒரு வாந்தியும்

எங்கள் தொழிலில் வாந்திக்கு மரியாதை கிடையாது.

கொல்லிமலைக்கு ஒரு தடவையாவது பஸ் ஏறி வந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து மேலே வந்து சேர எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் பத்தில் பாட்டு நிற்கும். அடுத்த பத்தில் பேச்சு நிற்கும். அதற்கப்புறம் பஸ்ஸில் படித்தவர், பணக்காரர், புது மாப்பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை, எல்லார் தலையும் ஜன்னலுக்கு வெளியேதான். அந்த ரோட்டில் நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன், ராத்திரி டியூட்டி. கால் முறிந்தவரும் வாந்தி எடுப்பார், பாம்பு தீண்டியவரும் எடுப்பார், துணைக்கு வந்த மச்சானும் எடுப்பார். டாக்டர்களுக்கு வாந்தி ஒரு நோய்க்குறி. எங்களுக்கு அது வண்டி ஏறியவர்கள் எல்லாரும் விட்டுவிட்டுப் போகிற சாமான். வளைவு வாந்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். வைத்தியம் ஒரு பக்கெட் மண், கொஞ்சம் பினாயில்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவர் சாப்பிடப் போகும்போது வண்டியைத் திருப்பி நிறுத்திப் பழகியவன். மருத்துவம் படித்ததும் அப்படித்தான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அதுதான் என் காலேஜ். ராத்திரி வேலை பார்க்கிற சகோதர சகோதரிகளுக்குத் தெரியும், ஊர் தூங்கும்போது நம்மால் விழித்திருக்க முடியும், ஊர் விழித்திருக்கும்போது நம்மால் தூங்க முடியாது. பகலெல்லாம் போர்வைக்குள் புரண்டுவிட்டுச் சாயங்காலம் டீக்கடைக்குப் போனால், யார் தவறிவிட்டார்கள் என்று கேட்பார்கள். யாரும் தவறவில்லை. என் முகமே அப்படி. அந்த முகத்தோடு சொன்னாலும் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் சந்தோஷமான சங்கதிதான்.

எலுமிச்சம்பழம்

என் வண்டியில் மருத்துவ உதவியாளர் சுந்தரி. சேந்தமங்கலம் பக்கம் சொந்தக் காட்டில் வெள்ளாமை செய்கிற வீட்டுப் பெண், நர்சிங் படித்தவள். அவள் சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். அது நோயாளிக்கு என்று எல்லாரும் நினைப்பார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம், மாடு முட்டி விலா எலும்பு விரிசல் விட்ட ஒரு பெரியவரைக் கீழே கொண்டுபோனோம். மூன்றாவது வளைவில் சுந்தரி ஜன்னலைத் திறந்தாள். ஏழாவது வளைவில் அவளையே கவனித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ஸ்டியரிங்கை விட முடியாது. பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் தன் விலாவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"நீ செத்த நேரம் படு கண்ணு. நான் உக்காந்துக்கறேன்."

சுமைக்கு மேலே

திண்ணனூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம்) வெள்ளையன் என்று ஒரு பையன். மிளகு, மரவள்ளி போட்டிருக்கிறான். பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி அக்கம்பக்கத்துப் பலாவையும் வாழையையும் சேந்தமங்கலத்துக்கு இறக்குவான். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வரை ஒன்றும் ஆகாது. பக்கத்து சீட்டில் உட்காரவைத்தால் போதும், நாலு வளைவுக்குள் முகம் வெளுத்துவிடும்.

அவன் மனைவி பொன்னி அவனுக்கு நேர் எதிர். அவள் வண்டிக்குள்ளேயே உட்கார மாட்டாள். பலாப்பழக் குவியலுக்கு மேலே, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கொய்யாப்பழம் தின்றுகொண்டு வருவாள். சுமைக்குக் கயிறு போடுவதும் அவள்தான். அவள் போட்ட முடிச்சு எந்த வளைவிலும் நெகிழ்ந்ததில்லை, அவிழ்க்கும்போது மட்டும் ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று மண்டியில் பேசிக்கொள்வார்கள். விடிகாலையில் நான் ஆளை இறக்கிவிட்டு ஏறும்போது அவர்கள் இறங்குவார்கள். ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன், இத்தனை வளைவிலும் உனக்குத் தலை சுற்றவே சுற்றாதா என்று. கொய்யாவைக் கடித்தபடி சொன்னாள்:

"தல எங்கழுத்து மேலதானுங்கண்ணா இருக்குது. அது எங்க போயிச் சுத்தும்?"

வேற வாந்தி

பங்குனியில் பொன்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கீழே ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஒரு குறையும் இல்லாமல் ஊர் திரும்பினாள். இரண்டு வாரம் போயிருக்கும். எங்கள் டியூட்டி முடியப்போகிற நேரம், கிழக்கே வெளுத்துக்கொண்டிருக்கிறது, வெள்ளையன் போன் செய்தான். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய அறை. பொன்னி படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலைந்து நாளாகத் தலைவலியாம், நாளுக்கு நாள் ஏறுகிறதாம். நெற்றி முழுக்கச் சுக்கும் மிளகும் அரைத்துப் பூசியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

மாமியார் குப்பாயி பார்த்த வைத்தியத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் பால் வழியாகக் குழந்தைக்குச் சளி போகும். அதனால் பத்தியம், வாய் நனைக்க இரண்டு மடக்கு மிளகு ரசம், அவ்வளவுதான். தலைக்கு ஊற்றியது சேரவில்லை, அதுதான் வலி. குப்பாயி கொடுமைக்கார மாமியார் இல்லை. மருமகளுக்குக் கொடுப்பதற்காகத் தான் வளர்த்த கோழிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தவள். தண்ணீர் மட்டும்தான் ஆகாது.

போர்வையைக் கழியில் தூளியாகக் கட்டி ரோடு வரைக்கும் தூக்கிவந்தோம். வெள்ளையனும் குப்பாயியும் குழந்தையோடு ஏறிக்கொண்டார்கள். இரண்டாவது வளைவிலேயே பொன்னி வாந்தி எடுத்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவு வாந்திதான், கீழே போய் மண் போட்டுக்கொள்ளலாம் என்றேன். குப்பாயியும் ஆமோதித்தாள். சுந்தரி எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டிவிட்டாள். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையன் மட்டும் துண்டை விலக்கினான்.

"ஏனுங்க, இவ இந்த ரோட்டுல வாந்தி எடுத்ததே கெடையாதுங்க. இது வேற வாந்திங்க."

சாவி

எலுமிச்சம்பழம் பைக்குள் திரும்பப் போனது. சுந்தரியின் குரல் மாறியது எனக்கு முன்னாலிருந்தே கேட்டது. கண் மங்குகிறதா என்று கேட்டாள், ஆமாம். கை மரத்துப்போகிறதா, ஆமாம். அதற்கப்புறம் பொன்னி குழந்தையைக் கேட்க வாயெடுத்தவள், "கயிறு எங்க, கயிறு எங்க" என்றாள். கையைக் குழந்தைப் பக்கம்தான் நீட்டினாள், வாயில் மட்டும் கயிறு என்று வந்தது. சுந்தரி உடனே கீழே டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். பிரசவமானவள், ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சு தடுமாறுகிறது என்று சொன்னதும், வழியில் எங்கேயும் நிற்காமல் ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகச் சொல்லிவிட்டார்.

முக்கால் மலை இறங்கியிருப்போம். பொன்னியின் வலது கை தானாகத் துடித்தது, பிறகு உடம்பே வெட்டி வெட்டி இழுத்தது. சுந்தரி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், வாயில் எதையும் திணிக்கவிடவில்லை, ஆக்சிஜன் வைத்தாள். குப்பாயிக்கு இது பிரசவச் சன்னி. சன்னிக்கு இரும்பு பிடிக்க வேண்டும். வண்டிக்குள் தேடினாள், எல்லாம் பிளாஸ்டிக். என் முதுகுக்குப் பின்னாலிருந்து கை நீண்டு வந்து வண்டிச் சாவியைக் கேட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது அம்மா, சாவி அதில்தான் இருக்கிறது என்றேன்.

"எறக்கந்தான சாமி? எறக்கத்துல ஓடறதுக்கு எதுக்குச் சாவி?"

படுத்தாலா, உட்கார்ந்தாலா

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களை எதிர்கொண்டது ஒரு பெண் டாக்டர். மெல்லிய குரல், தூங்காத கண், பார்த்ததும் எனக்கு நம் சாதி என்று தோன்றிவிட்டது, ராத்திரிச் சாதி. இழுப்பை நிறுத்த மருந்து ஏற்றிவிட்டு வெள்ளையனிடம் கேட்டார், வலி படுத்தால் கூடுகிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா. படுத்தால்தான் என்றான் அவன், அதனால் நாலு ராத்திரியாகச் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். தலைக்குள் அழுத்தம் ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, சாதாரண ஸ்கேனோடு விடாமல், மூளையின் ரத்தக் குழாய்களைத் தனியாகக் காட்டுகிற ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

படம் வந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். மூளைக்கு ரத்தம் ஒரு வழியில் ஏறுகிறது, இன்னொரு வழியில் இறங்குகிறது. ஏறுகிற வழி அடைத்தால் வருகிற பக்கவாதம் எல்லாருக்கும் தெரியும். இவளுக்கு இறங்குகிற வழியில், அதாவது சிரையில், ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. பிள்ளை பெற்ற கொஞ்ச நாளைக்கு ரத்தத்துக்கே உறையும் குணம் அதிகம், உடம்பில் தண்ணீரும் வற்றினால் இன்னும் மோசம். குப்பாயி தரையைப் பார்த்தாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. அபாயம் இன்னும் தாண்டவில்லை, ஆனால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள், பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள், கையும் பேச்சும் எந்த அளவுக்குத் திரும்பும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். குழந்தையைத் தூக்குவாளா என்று மட்டும் வெள்ளையன் கேட்டான். அதற்கு இப்போது பதில் இல்லை என்றார் டாக்டர். அவன் படத்தில் அந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்டான்:

"எறங்கற வளைவுல ஒரு லாரி குறுக்க நின்னுக்கிச்சு. அதானுங்களே?"

முதலில் லாரி

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதே படத்தில் மூளையில் ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருப்பதும் தெரிந்தது. சிகிச்சை என்னவென்றால், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கிற ஊசி, வயிற்றுத் தோலுக்கடியில் காலையும் மாலையும். இதைக் கேட்டதும் குப்பாயி நிமிர்ந்தாள். கசிகிறது என்றும் சொல்கிறீர்கள், உறையவிடாத ஊசியும் போடுகிறீர்கள், இன்னும் கசியாதா என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். எட்டாக மடித்த தாளில் ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்று நானே படித்திருக்கிறேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இங்கே கசிவதற்குக் காரணமே அடைப்புதான், போக வழியில்லாமல் பின்னால் தேங்கித் தேங்கித்தான் கசிகிறது, அடைப்பு பெருகவிடாமல் பார்த்தால்தான் கசிவும் அடங்கும்.

குப்பாயி முழுசாக நம்பவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவன் வெள்ளையன். அவனுக்கு இது தெரிந்த விஷயமாக இருந்தது. ஒரு வருஷம் அவன் கண்ணெதிரில் சுமை லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்று, பின்னால் வந்த வண்டிகள் நெருக்கியடித்து, ஒரு வண்டியின் பலாப்பழம் மொத்தமும் பள்ளத்தில் உருண்டது. ஊரே பழத்தைப் பிடிக்க ஓடியது, லாரியை யாரும் எடுக்கவில்லை, அடுத்த வண்டியும் சரிந்தது. அவன் டாக்டரிடம் பேனாவை வாங்கினான்.

"மொதல்ல லாரியப் பாருங்க. பழத்த அப்பறம் பொறுக்கிக்கலாம்."

ஒரு சொம்பு

அடுத்து வந்த நாட்களில் அந்த ஆஸ்பத்திரிக்கு வேறு நோயாளி கிடைத்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆளை இறக்கிவிட்டு, டியூட்டி முடிந்த கையோடு வார்டுக்கு ஒரு நடை போய்விடுவேன். முதல் தடவை பொன்னி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், யார் என்று தெரிந்த மாதிரி இல்லை. அடுத்த தடவை பார்வை என்னோடு நகர்ந்தது. பேச்சு இல்லை. வலது கை போர்வைமேல் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது. வெள்ளையன் குழந்தையை அந்தக் கைக்குப் பக்கத்தில் கிடத்தி வைத்திருப்பான். சுந்தரி ஒவ்வொரு தடவையும் நல்லாயிருவாங்கண்ணா என்பாள், நானும் நம்புகிற மாதிரி தலையாட்டுவேன்.

ஒரு காலையில் நான் போனபோது குப்பாயி ஜன்னலோரம் தன் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பொன்னி அதையே பார்த்தாள். உதடு ஏதோ தேடியது, கிடைக்காமல் மூடியது, மறுபடி தேடியது. பிறகு தெளிவாக ஒரே வார்த்தை வந்தது. "தண்ணி." வெள்ளையன் எழுந்து நின்றுவிட்டான். நர்ஸ் வந்து, தலைமாட்டை உயர்த்தி, ஸ்பூனால் கொடுத்துப் பார்த்து, ஒழுங்காக விழுங்குகிறாள், இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு சொம்பு குப்பாயி கைக்கு வந்தது. பத்தியம் காத்த அதே கை. அவள் மருமகளின் பின்தலையைத் தாங்கிக்கொண்டு சொம்பைச் சாய்த்தாள், கண்ணீர் சொம்புக்குள்தான் விழுந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

"குடி சாமி, நல்லாக் குடி. கொழந்தைக்குச் சளி புடிச்சா அது எம்பாடு."

எனக்கும் அதே

புதிதாக ஒரு நோயைத் தெரிந்துகொண்டவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. அந்த வாரத்திலிருந்து மலையில் தலைவலி என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரையில் அடைப்புதான். பள்ளிக்கூட டீச்சர் ஒருவரை நெற்றியைத் தேய்த்தார் என்பதற்காகப் படுத்தால் கூடுகிறதா என்று கேட்டு முறைக்க வைத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது மூக்குக் கண்ணாடி. அருவி பார்க்க வந்த ஒரு பையனை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றப் பார்த்தேன். அவன் காலையில் டீ குடிக்கவில்லை, அவ்வளவுதான். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் தலையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

கடைசியில் எனக்கே வந்தது. பகலில் படுக்கிறேன், தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. சரி, அதேதான். நான் போய்விட்டால் யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வண்டிக்கு டீசல் போடுகிற பையனைத் தவிர ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரவில்லை. சாயங்காலம் சுந்தரியிடம், கொஞ்சம் தழுதழுத்துத்தான், சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள், இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கேட்டாள். யோசித்துப் பார்த்துச் சொன்னேன். டார்ச்சை மூடினாள்.

"டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம். ஆனா உங்களுக்கு வேணுங்கறது ஸ்கேன் இல்லீங்கண்ணா, தலகாணி."

பந்தும் கயிறும்

பொன்னி வீடு திரும்பினாள். பேச்சு முக்காலும் வந்துவிட்டது, சில வார்த்தைகள் மட்டும் சட்டென்று கிடைக்காமல் நெற்றியைச் சுருக்குவாள். கைதான் பின்தங்கியது. குழந்தையை இடது கையால் வாரி, வலது கையை ஒப்புக்கு மேலே போட்டுக்கொள்வாள். வெள்ளையன் எப்போதும் ஓர் அடி தூரத்தில் நிற்பான், குழந்தை நழுவினால் பிடிக்க. அது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிசியோதெரபி டாக்டர் அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தனுப்பியிருந்தார். நான் ஒரு சாயங்காலம் டியூட்டிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தபோது அந்தப் பந்தை நாய்க்குட்டி கடித்துக்கொண்டிருந்தது. பொன்னி கட்டில் காலில் சுமைக் கயிற்றைப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் வழுக்கும், கயிறு நழுவும், மறுபடி எடுப்பாள். பந்து எங்கே என்று கேட்டால் டாக்டருக்கு என்ன சொல்வாய் என்றேன்.

"பந்து எங்கையிக்குப் பழக்கமில்லீங்கண்ணா. கயிறுன்னா அதுக்கே வழி தெரியும்."

முருங்கைக்கீரை

ஊசி முடிந்து மாத்திரைக்கு மாறியிருந்தார்கள், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. பால் கொடுக்கத் தடையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து, அடிக்கடி கீழே போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பச்சைக் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மருந்தின் வேலை மாறிவிடும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்.

ஒரு தடவை பரிசோதனையில் மருந்து போதவே போதவில்லை என்று வந்தது. மாத்திரையை விட்டாளா என்றால், இல்லை, வெள்ளையன் தினமும் நின்று விழுங்கவைக்கிறான். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து சாப்பாட்டுக்கு வந்தார். குப்பாயி பெருமையோடு முன்னால் வந்தாள். மருமகளுக்கு ரத்தம் ஊற வேண்டுமே என்று இருபது நாளாக முருங்கைக்கீரை, காலையில் பொரியல், மதியம் கூட்டு, ராத்திரி சாறு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றார். இதை வெள்ளையன் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அவன் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. குப்பாயிக்கு மட்டும் இன்னும் மனத்தாங்கல்.

"நான் எங்க கண்ணு திடீர்னு குடுத்தேன்? தெனமுந்தான் குடுத்தேன்."

சாமிக்கு அவசரமில்லை

பொன்னி நினைவில்லாமல் கிடந்தபோது குப்பாயி ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். பிழைத்து வந்தால் ஆடித் திருவிழாவில் மருமகள் கையால் பொங்கல் வைக்க வேண்டும். ஆடியும் வந்தது. திருவிழா நேரத்தில் எங்கள் வண்டி கோயில் ரோட்டோரம்தான் நிற்கும். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெள்ளையனின் பிக்கப் பக்கத்தில் வந்து நின்றது, உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பொன்னிக்கு நாள் தள்ளி வந்து, சரியாகத் திருவிழாவன்று வீட்டு விலக்காகிற கணக்கு. வெள்ளையனின் தங்கை மல்லிகா, பெரக்கரை நாட்டில் வாழ்க்கைப்பட்டவள், ஓர் அட்டை மாத்திரையோடு வந்திருந்தாள். தள்ளிப்போடுகிற மாத்திரை. எல்லாரும் போடுகிறார்கள், நானே போன வருஷம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்றாள். குப்பாயி நேர்த்திக்கும் மருமகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

மல்லிகா என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் கூடாது என்று நான் ஆரம்பிப்பதற்குள், சுந்தரி வண்டியிலிருந்து குதித்தே வந்துவிட்டாள். அடைப்பு வந்தவர்களுக்கு இந்த வகை மாத்திரை ஆகாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாரே என்றாள். மற்றவர்களும் கடையில் தானாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது நல்லதில்லை என்று மல்லிகா பக்கமும் திரும்பினாள். இத்தனை பேச்சுக்கும் பொன்னி குழந்தைக்குக் கொட்டாங்குச்சியைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஓய்ந்த பிறகு அட்டையை வாங்கி மல்லிகாவின் பையிலேயே போட்டாள்.

"சாமி எங்கயும் போயிராதுங்க. அடுத்த மாசம் வாரேன்னு சொல்லிட்டேன், செரின்னுருச்சு."

கடைசி மாத்திரை

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. அன்று டாக்டர் மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்க்கிற நாள். எனக்குப் பகல் தூக்கம் எப்படியும் வராது, நானும் வருகிறேன் என்று பிக்கப்பில் ஏறிக்கொண்டேன். மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். வழி திறந்துவிட்டது, ஓரத்தில் சின்ன தடம் மட்டும் மிச்சம் என்றார் டாக்டர். மாத்திரை இனி வேண்டாம். அடுத்த பிரசவம் என்று வந்தால் முதலிலேயே என்னிடம் வா, தலைவலி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதே, தண்ணீர் குடி. கடைசி வார்த்தையைக் குப்பாயியைப் பார்த்துச் சொன்னார். குப்பாயிக்கு அது தேவையில்லை. திண்ணனூர் நாட்டில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் போய் நிற்பது அவளும் அவள் சொம்பும்தான்.

திரும்பும்போது சேந்தமங்கலத்தில் அரிசி மூட்டையும் சாமானும் ஏற்றினார்கள். வெள்ளையன் கயிற்றை எடுத்தான். பொன்னி அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். மூட்டை மேல் வீசி, குனிந்து, கொக்கியில் மாட்டி, வலது கையால் ஓர் இழுப்பு. முடிச்சு உட்கார்ந்தது. வெள்ளையன் அதை ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. இன்னொரு தடவையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்துகிற சாக்கில் அந்தப் பக்கம் போனான். அவள் குழந்தையை அதே கையால் தூக்கி ஜன்னல் வழியாக என் மடியில் கொடுத்துவிட்டு, சுமைமேல் ஏறி, வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

காலையில் தூங்கிக்கொண்டே இறங்கிய குழந்தைக்கு இது விவரம் தெரிந்து மலை ஏறுகிற முதல் பயணம். முப்பது வளைவு வரைக்கும் என் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த வளைவில் முகம் ஒரு மாதிரி ஆனது, அதற்கடுத்த வளைவில் குடித்த பால் மொத்தமும் என் சட்டையில். வண்டியை நிறுத்து என்று கத்தினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கண்ணைப் பார்க்கிறேன், கையை ஆட்டிப் பார்க்கிறேன், இதற்கு முன்னால் எடுத்ததுண்டா, தண்ணீர் கொடுத்தீர்களா என்று வெள்ளையனை உலுக்குகிறேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பொன்னி சுமையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இறங்கக்கூட இல்லை.

"பதறாதீங்கண்ணா. அது அப்பனாட்ட. வெறும் வளைவு வாந்திங்க."

இப்படியாக எங்கள் தொழிலில் இப்போது வாந்திக்கு மரியாதை வந்துவிட்டது, யார் எடுத்தது, முன்னே எடுத்ததுண்டா, தண்ணீர் குடித்தாயா என்று கேட்காமல் அதன்மேல் ஒரு பிடி மண்கூடப் போடுவதில்லை.